ஒரே மென்பொருள், ஐந்து பெயர்: கும்மிடிப்பூண்டி கேட்கிறது

கும்மிடிப்பூண்டி, காக்களூர், பொன்னேரி பக்கமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் நிறையப் பேர் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். பேக்கேஜ் மேனேஜரைத் திறந்தால் ஒரே மென்பொருள் நான்கைந்து பெயர்களில் வரிசையாக நிற்கிறது. எதை எடுப்பது, ஏன் இத்தனை? இந்த இதழ் முழுக்க அதற்கே.

கே: பழைய மில்லிங் மெஷினின் கன்ட்ரோலர் போய்விட்டது. ஒரு பி.சி.யில் லினக்ஸ்சிஎன்சி போட்டு ஓட்டலாம் என்கிறார் முதலாளி. டெபியனில் பார்த்தால் கெர்னலே இரண்டு இருக்கிறது: லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64, லினக்ஸ்-இமேஜ்-ஆர்டி-ஏஎம்டி64. எது சார்?
(சி.என்.சி. ஆபரேட்டர், கும்மிடிப்பூண்டி சிப்காட்)

ப: ஆர்டி உள்ளது. 'ரியல் டைம்' என்பதன் சுருக்கம் அது.

பாரலல் போர்ட் வழியாக ஸ்டெப்பர் மோட்டாருக்குப் பல்ஸ் அனுப்பும் வேலையை உங்கள் பி.சி.யே செய்யப்போகிறது. சில பத்து மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை அது எழுந்து வந்தாக வேண்டும். சாதாரண கெர்னல் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்துகொண்டிருந்தால் அந்த நேரத்துக்கு வராமல் போகலாம். மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடும். அடுத்த கட்டிங்கில் அளவு போகும், ஜாப் ஸ்கிராப்புக்குப் போகும்.

இதை ஏன் ஒரு செட்டிங்காக வைக்காமல் தனி பேக்கேஜாக வைத்தார்கள்? கெர்னலுக்குள் ஆயிரக்கணக்கான இடங்களில் 'பூட்டு' உண்டு. ஒரு வேலை ஒரு பொருளைப் பிடித்திருக்கும்போது மற்றவை காத்திருக்கும் இடங்கள் அவை. பிரீஎம்ப்ட்-ஆர்டி ஆப்ஷனோடு கம்பைல் செய்தால் அந்தப் பூட்டுகளில் பெரும்பாலானவற்றின் குணமே மாறிவிடும்: பூட்டைப் பிடித்திருக்கும் வேலையையும் நிறுத்திவிட்டு அவசர வேலையை முன்னே விடலாம். கம்பைல் செய்து முடித்த பிறகு மாற்றக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் டெபியன்காரர்கள் ஒரே மூலத்தை இரண்டு விதமாகக் கம்பைல் செய்து, இரண்டு பேக்கேஜாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு வரி கூடக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. கெர்னலைத் தானே கம்பைல் செய்யத் தெரிந்த ஆள் எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறையில் இருக்க மாட்டார். அவருக்குப் பதிலாக யாரோ செய்து வைத்த உழைப்பு இந்த இரண்டாவது பேக்கேஜ்.

லினக்ஸ்சிஎன்சியும் 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதிலேயே இருக்கிறது. 'லினக்ஸ்சிஎன்சி-யூஸ்பேஸ்' என்று தேடுங்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் 1990களில் பிறந்த மென்பொருள் அது. நிறுவியதும் மெஷினை இணைக்காதீர்கள். முதலில் அதோடு வரும் லேட்டன்சி சோதனையை ஓட்டுங்கள். சோதனை ஓடும்போதே பிரவுசரைத் திறங்கள், பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள், விண்டோக்களை இழுத்துப் பாருங்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம். மிக அதிகமான தாமதம் எவ்வளவு என்பதைப் பாருங்கள். அது மோசமாக இருந்தால் பயாஸில் மின்சிக்கன வசதிகளை அணைத்துப் பாருங்கள். அப்போதும் சரிவராத போர்டு என்றால், பல்ஸ் உருவாக்கும் வேலையை மேசா போன்ற தனி கார்டிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கே: ஆர்டி கெர்னல் போட்டால் கம்ப்யூட்டர் வேகமாகுமா?
(அதே பட்டறையிலிருந்து இன்னொருவர்)

ப: ஆகாது. கொஞ்சம் மெதுவாகக்கூட ஆகலாம். ஆனால் சொன்ன நேரத்துக்கு வரும். மில்லிங் மெஷினுக்கு அதுதான் வேண்டும்.

கே: அப்டேட் போட்ட பிறகு ஆர்டி கெர்னலில்தான் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(மெயின்டனன்ஸ் டெக்னீஷியன், தேர்வாய் கண்டிகை)

ப: டெர்மினலில் 'யூநேம்' கட்டளையை 'ஏ' என்ற ஆப்ஷனோடு கொடுங்கள். பதிலில் பிரீஎம்ப்ட்-ஆர்டி என்று இருக்க வேண்டும். கெர்னல் பேக்கேஜ்களில் ஒரு சௌகரியமும் ஒரு கண்ணியும் சேர்ந்தே இருக்கின்றன. ஃபைல் பெயரிலேயே பதிப்பு எண்ணும் வகையும் இருப்பதால் சாதாரண கெர்னலும் ஆர்டி கெர்னலும் ஒரே மெஷினில் சண்டையில்லாமல் இருக்கும். ஆனால் இரண்டும் இருந்தால், பூட் ஆகும்போது எது எழும் என்பதை கிரப் மெனுதான் தீர்மானிக்கும். அதில் ஆர்டியை நிலையாகக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும், ஸ்பிண்டிலுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால், யூநேம் பாருங்கள். பத்து விநாடி வேலை.

கே: பில்ட் ஆப்ஷன், பில்ட் ஆப்ஷன் என்கிறீர்கள். செட்டிங்ஸுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?
(கல்லூரி மாணவி, பொன்னேரி)

ப: இட்லி மாவில் போட்ட உப்பு பில்ட் ஆப்ஷன். தட்டில் ஊற்றிக்கொள்ளும் சட்னி செட்டிங்ஸ். உப்பு வேண்டாம் என்பவருக்குத் தனியாகத்தான் மாவு கரைக்க வேண்டும்.

நேரில் பார்க்க ஆசையா? விம் எடிட்டரில் பதிப்பைக் காட்டும் கட்டளையைக் கொடுங்கள். நீளமான பட்டியல் ஒன்று வரும். சில பெயர்களுக்கு முன்னால் கூட்டல் குறி, சிலவற்றுக்கு முன்னால் கழித்தல் குறி. கூட்டல் என்றால் கம்பைல் செய்யும்போது சேர்த்தது, கழித்தல் என்றால் விட்டது. மென்பொருள் தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பட்டியல்களில் அது ஒன்று.

கே: புதிதாக டெபியன் போட்டேன். 'விஐ' என்று அடித்தால் எடிட்டர் திறக்கிறது, ஆனால் நிறம் வரவில்லை. கெட்டுப்போன இன்ஸ்டாலேஷனா?
(கணினி உதவியாளர், காக்களூர் சிட்கோ)

ப: கெடவில்லை. முதலில் நிறுவும்போது வருவது 'விம்-டைனி'. அவசரத்துக்கு ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திருத்த அது போதும். எழுத்துகளுக்கு நிறம் தீட்டும் வசதி அதில் சேர்க்கப்படவில்லை. நிறம் வேண்டுமென்றால் 'விம்'. பைத்தான், பெர்ல் இவற்றோடு பேச வேண்டும், ஆனால் சர்வரில் திரை கிடையாது என்றால் 'விம்-நாக்ஸ்'. ஜன்னல், மெனு எல்லாம் வேண்டுமென்றால் 'விம்-ஜிடிகே3'. நான்கும் பிறப்பது ஒரே மூலப் பேக்கேஜிலிருந்து. அதன் பில்ட் விதிகள் அதே மூலத்தை ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி டைரக்டரியில் கம்பைல் செய்கின்றன. நீங்கள் 'விஐ' என்று அடித்தால் எது திறக்க வேண்டும் என்பதை 'ஆல்டர்னேட்டிவ்ஸ்' என்ற ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது. நிறுவியிருப்பதில் அதிக வசதி உள்ளதை அதுவே முன்னால் வைக்கும்.

கே: ரோலிங் மில்லில் பேரிங் அதிர்வை அளந்து, பழுதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதுகிறேன். எஃப்எஃப்டிடபிள்யூ லைப்ரரி சிங்கிள், டபுள், லாங் என்று மூன்று பேக்கேஜாக இருக்கிறது. டபுள்தானே நல்லது?
(பராமரிப்புப் பொறியாளர், கும்மிடிப்பூண்டி)

ப: உங்களுக்கு சிங்கிளே போதும். இந்தக் கேள்வியை அனுப்பியதற்காக உங்களுக்குத் தனியாக நன்றி. பில்ட் ஆப்ஷனை எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதற்கு நான் யாருக்கும் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

அதிர்வை அலைவரிசைகளாகப் பிரித்துப் பார்த்தால் பேரிங்கின் உள்வளையத்தில் விரிசலா, வெளிவளையத்திலா என்று தெரியும். அந்தக் கணக்கைப் போடுவது இந்த லைப்ரரி, எம்.ஐ.டி.யில் மத்தேயோ ஃப்ரிகோவும் ஸ்டீவன் ஜான்சனும் எழுதியது. எண்களை எவ்வளவு துல்லியமாக வைத்துக்கொள்வது என்பதைக் கம்பைல் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். உங்கள் சென்சாரிலிருந்து வரும் தகவல் 16 பிட், மிஞ்சிப்போனால் 24 பிட். சிங்கிள் வகை எண்ணிலும் இலக்கத் துல்லியம் 24 பிட். டபுள் போட்டால் நினைவகம் இரண்டு மடங்கு பிடிக்கும். ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டில், ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் வசதியும் பாதியாகும். கிடைப்பதோ சென்சாரே தராத துல்லியம்.

இதில் அழகு என்னவென்றால், மூன்று வகையிலும் லைப்ரரியின் பெயரும் உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களின் பெயரும் வேறு வேறு. சிங்கிளுக்கு 'எஃப்', லாங்குக்கு 'எல்' என்று ஓர் எழுத்து கூடுதல். அதனால் மூன்றையும் ஒரே கம்ப்யூட்டரில், ஏன், ஒரே ப்ரோகிராமிலேயே பயன்படுத்தலாம். மூலத்தை எழுதியவர்களே பெயரைப் பிரித்து வைத்ததால் பேக்கேஜ் கட்டுபவருக்கு வேலை எளிதானது. பின்னால் பேக்கேஜ் கட்டப்போகிறவரை முதல் நாளிலேயே நினைத்துப் பார்த்த மென்பொருள் இது.

கே: அப்படி நினைத்துப் பார்க்காவிட்டால்?
(அவரேதான்)

ப: அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கே: லிப்கர்ல் டெவலப்மென்ட் பேக்கேஜில் ஓபன்எஸ்எஸ்எல் வகையைப் போட்டால் க்னூடிஎல்எஸ் வகை கழன்றுபோகிறது. அதைப் போட்டால் இது போகிறது. இரண்டும் எனக்கு வேண்டும்.
(மென்பொருள் பொறியாளர், அம்பத்தூர்)

ப: டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் இரண்டும் ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஃபைல்களை வைக்கின்றன. அதனால் 'நான் இருந்தால் அவர் இருக்கக் கூடாது' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஓடுவதற்குத் தேவையான லைப்ரரிகளுக்கு டெபியன்காரர்கள் வேறு வேறு பெயர் கொடுத்துவிட்டதால் அவை இரண்டும் சேர்ந்தே இருக்கும். கம்பைல் செய்யும் வேளைக்கு மட்டும் இரண்டு தனித்தனி கன்டெய்னர் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரிவினைக்கு லைசென்ஸும் ஒரு காரணம். ஓபன்எஸ்எஸ்எல்லின் பழைய லைசென்ஸும் ஜி.பி.எல். லைசென்ஸும் ஒத்துப்போகவில்லை. ஜி.பி.எல். மென்பொருள்களுக்காக இன்னொரு வகையைக் கட்டி வைக்க வேண்டியிருந்தது. 2021இல் ஓபன்எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி லைசென்ஸுக்கு மாறியது. காரணம் குறைந்தாலும் பேக்கேஜ் பெயர்கள் சட்டென்று மறைவதில்லை. எத்தனையோ மென்பொருள்கள் அந்தப் பெயரை நம்பி நிற்கின்றன.

கே: எஞ்சின்எக்ஸ்-ஃபுல் என்றால் எல்லாமே உள்ளே இருக்கும்தானே?
(திருத்தணி)

ப: பக்கத்திலேயே எஞ்சின்எக்ஸ்-எக்ஸ்ட்ராஸ் என்று ஒன்று நிற்கிறதே, பார்க்கவில்லையா?

அந்த லைட், ஃபுல், எக்ஸ்ட்ராஸ் வகைகள் ஒரு காலத்தில் உண்மையிலேயே வேறு வேறாகக் கம்பைல் செய்யப்பட்டவை. 2016இல் வந்த 1.9.11 பதிப்பு, மாட்யூல்களை ஓடும்போதே ஏற்றிக்கொள்ளும் வழியைத் திறந்தது. இப்போது டெபியனில் எஞ்சின்எக்ஸ் ஒன்றுதான். மாட்யூல்கள் தனித்தனி பேக்கேஜ்கள். ஃபுல், எக்ஸ்ட்ராஸ் எல்லாம் 'இந்த மாட்யூல்களைச் சேர்த்துக் கொண்டுவா' என்று சொல்லும் பட்டியல்கள். இப்படிப் பிரிக்க முடிகிற மென்பொருளை வகைவகையாகக் கம்பைல் செய்வது வீண் உழைப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

கே: எங்கள் மெஷின் கன்ட்ரோலரில் ரிஜிட் டேப்பிங் உள்ளேயே இருக்கிறதாம். பணம் கட்டினால் திறந்துவிடுவார்களாம். இதுவும் ஒரு 'ஆப்ஷன்' தானே?
(டர்னர், காக்களூர்)

ப: பெயர்தான் ஒன்று. அங்கே வசதி மெஷினுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, சாவி விற்பவரிடம். பேக்கேஜ் ஆப்ஷனில் இல்லாதது இல்லை, இருப்பது இருக்கிறது, எதுவும் பூட்டப்படவில்லை. கட்டியவர் சேர்க்காததை மூலத்தை எடுத்து நீங்களே சேர்த்துக் கட்டலாம். லினக்ஸ்சிஎன்சியில் ரிஜிட் டேப்பிங்குக்கு ஜி33.1 என்ற கட்டளை உண்டு. அதற்கு ஸ்பிண்டிலில் என்கோடர் இருக்க வேண்டும். செலவு அந்த என்கோடருக்குத்தான்.

கே: டிஸ்க் மலிவாகிவிட்டது. எல்லா ஆப்ஷனையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கொடுத்தால் என்ன?
(ஆரம்பாக்கம்)

ப: டிஸ்க் மலிவுதான். திரையே இல்லாத சர்வரில் ஈமேக்ஸ் நிறுவும்போது, ஜன்னல் வரைவதற்கான லைப்ரரிகள் கூட்டமாக இறங்கும். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும், ஒவ்வொன்றும் ஒரு புதிய ஓட்டையாக மாற வாய்ப்புண்டு. அதற்காகத்தான் 'ஈமேக்ஸ்-நாக்ஸ்'. மேலும் ஆர்டி கெர்னலைப் போல, ஒருவருக்கு நன்மையாக இருப்பது மற்றவருக்குத் தடையாகும் ஆப்ஷன்களை ஒன்றாகப் போடவே முடியாது.

கே: மேக்கில் ஹோம்ப்ரூவில் முன்பு 'வித்' என்று சேர்த்துக்கொண்டு வேண்டிய வசதியோடு நிறுவுவேன். அதை ஏன் எடுத்துவிட்டார்கள்?
(ஆவடி)

ப: 2019இல், 2.0 பதிப்பு வந்தபோது, முக்கியத் தொகுப்பிலிருந்து அந்த ஆப்ஷன்களை நீக்கினார்கள். கணக்கைப் பாருங்கள்: 'வேண்டும்', 'வேண்டாம்' என்று பத்து ஆப்ஷன் இருந்தால் 1,024 விதமாகக் கட்டலாம். ஒரு மென்பொருளுக்கே இவ்வளவு. யாரால் சோதிக்க முடியும்? சோதிக்காத வகை ஒருவர் வீட்டில்தான் முதன்முதலாக உடையும்.

ஜென்டூ வேறு வழியில் போனது: யூஸ் ஃப்ளாக் என்று எல்லா ஆப்ஷனையும் உங்கள் கையில் கொடுத்து, உங்கள் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்யச் சொல்கிறது. கற்றுக்கொள்ள அருமையான இடம்; ஷிஃப்ட் தொடங்குவதற்குள் மெஷின் ஓட வேண்டிய பட்டறைக்குப் பொருந்தாது. ஃப்ரீபிஎஸ்டி 2017இல் 'ஃப்ளேவர்' என்ற வசதியைக் கொண்டுவந்து, முக்கியமான சில வகைகளை மட்டும் முன்கூட்டியே கட்டிக் கொடுக்கிறது. டெபியனின் வழியும் ஏறக்குறைய அதுதான். ஆயிரத்தில் நான்கைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, பெயர் வைத்துக் கொடுக்கிற அந்தப் பொறுப்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். தேர்ந்தெடுப்பவர் தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஆயிரம் பேர் தவிப்பார்கள். அதனால்தான் பேக்கேஜின் விளக்கத்தில் எது உண்டு, எது இல்லை என்று தெளிவாக எழுதியாக வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன்.

கே: ஆர்டியையும் ஒருநாள் பூட் ஆகும்போது தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சாக மாற்றிவிடுவார்களா?
(பாலிடெக்னிக் விரிவுரையாளர், ஊத்துக்கோட்டை)

ப: பாதி வழி வந்தாகிவிட்டது. கெர்னல் எவ்வளவு சீக்கிரம் வேலையை விட்டுக்கொடுக்கும் என்ற மூன்று நிலைகளும் முன்பு கம்பைல் ஆப்ஷன்தான். 2021இல் வந்த 5.12 பதிப்பிலிருந்து பூட் ஆகும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கட்டலாம். ஆர்டி அதைவிட ஆழமான மாற்றம். ஏறக்குறைய இருபது ஆண்டு தனிப் பேட்ச்சாக வளர்ந்து, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில்தான் முதன்மைக் கெர்னலின் பகுதியானது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 அதே 6.12ஐத்தான் தருகிறது, ஆனாலும் ஆர்டி தனி பேக்கேஜாகவே தொடர்கிறது. பூட்டுகளின் குணம் கம்பைல் செய்யும்போது முடிவாகிறவரை அது தனி பேக்கேஜாக இருப்பதே நியாயம்.

கே: எங்கள் வே-பிரிட்ஜ் கம்ப்யூட்டர் பழைய 32 பிட். கெர்னலில் 686, 686-பிஏஇ என்று இரண்டு.
(கவரைப்பேட்டை)

ப: டெபியன் 12 வரை இரண்டும் கிடைக்கும். பிஏஇ வசதியுள்ள ப்ராசஸர் என்றால் இரண்டாவது. மிகப் பழையது என்றால் முதலாவது. டெபியன் 13இல் 32 பிட் பி.சி.க்கான கெர்னலும் இன்ஸ்டாலரும் இல்லை. அடுத்த பட்ஜெட்டில் அந்தக் கம்ப்யூட்டரை மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கே: அரசு லேப்டாப் வழங்கும் திட்டத்தை 2011இல் எங்கள் காக்களூரில்தான் தொடங்கினார்கள். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதிலும் இந்த பேக்கேஜ் முறைதானா? பழைய தமிழ்ப் பாடப்புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற வழி உண்டா?
(ஆசிரியை, திருவள்ளூர்)

ப: அதேதான். பாஸ் லினக்ஸை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்துத்தான் உருவாக்கியது, அதனால் அங்கேயும் ஆப்ட் கட்டளைகள்தான். பள்ளிகளுக்கென்று கல்வி மென்பொருள்களைச் சேர்த்து எடுபாஸ் என்ற வகையையும் தந்தார்கள்.

ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக்க டெஸராக்ட் இருக்கிறது. ஹெச்.பி. நிறுவனத்தில் 1980களில் தொடங்கி, 2005இல் திறந்த மூலமான மென்பொருள். அதை நிறுவினால் ஆங்கிலத் தரவு கூடவே வரும், தமிழ் வராது. 'டெஸராக்ட்-ஓசிஆர்-டேம்' என்ற பேக்கேஜைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இது பில்ட் ஆப்ஷன் இல்லை, தரவு. மென்பொருளைத் திரும்பக் கம்பைல் செய்யாமல் எந்த மொழியையும் சேர்க்கலாம், அதனால் தனியாக வைத்தது சரி. ஆனால் தமிழ் தேவைப்படுபவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தமிழைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்கிறவருக்காக 'டாஸ்க்-தமிழ்' என்றொரு தொகுப்பு பேக்கேஜ் டெபியனில் உண்டு. எழுத்துணரி, எழுத்துருக்கள், லிப்ரேஆபீஸின் தமிழ் முகப்பு எல்லாம் இப்படிப்பட்ட தொகுப்புகள் வழியாகத் தானே வந்து சேர வேண்டும். பிரித்து வைப்பவருக்குச் சேர்த்துக் கொடுக்கிற கடமையும் உண்டு.

கே: நானும் ஒரு பேக்கேஜ் கட்டிப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?
(பொறியியல் மாணவர், மீஞ்சூர்)

ப: புதிதாக ஒன்றைக் கட்டாதீர்கள், இருப்பதைப் பிரித்துப் பாருங்கள். 'ஆப்ட் சோர்ஸ்' கட்டளையால் விம்மின் மூலத்தை இறக்குங்கள். 'டெபியன்' என்ற டைரக்டரிக்குள் 'கன்ட்ரோல்' ஃபைலில் எத்தனை பேக்கேஜ் பிறக்கிறது என்று எண்ணுங்கள். 'ரூல்ஸ்' ஃபைலில் ஒவ்வொன்றும் எந்த ஆப்ஷனோடு கம்பைல் ஆகிறது என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு ஆப்ஷனை மாற்றிக் கட்டி, உங்கள் மெஷினில் நிறுவி, அந்தக் கூட்டல் கழித்தல் பட்டியலில் குறி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் சென்னை லினக்ஸ் பயனர் குழுவிலும், தமிழிலேயே எழுதும் கணியம் குழுவிலும் பொறுமையாகச் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். 2023இல் டெபியனின் உலக மாநாடே கொச்சியில்தான் நடந்தது. அனுபவமுள்ளவர்கள் நமக்குத் தூரத்தில் இல்லை.

அது பழகியதும், நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருள்களில் பல வகையாகக் கிடைக்கும் ஒன்றை எடுத்து, 'ஆப்ட் ஷோ' போட்டு ஒவ்வொரு வகையின் விளக்கத்தையும் வாசியுங்கள். இரண்டு வகைக்கும் விளக்கம் ஒரேபோல இருந்து, வித்தியாசம் எங்கே என்று உங்களுக்கே புரியவில்லையென்றால், தெளிவான விளக்கத்தை எழுதி அதைப் பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். உங்கள் முதல் திருத்தமாக அது இருக்கட்டும்.